காருக்கு அனுமதி உண்டு

போன வாரம் ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் இடத்தில் ஒரு இளம் தம்பதி என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

“பத்திரிகைல உங்க பக்கத்த வாரா வாரம் படிக்கிறோம்ங்க. கார எடுத்துக்கிட்டே சிலோன் போயிட்டு வந்தீங்களாமே… எப்படி பிளான் பண்ணுனீங்கன்னு ஒரு வாரம் எழுதுங்களேன். எங்களுக்கு யூஸ்ஃபுல்லா இருக்கும்.”

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பீடா மென்றுகொண்டிருக்கும்போது எதைக் கேட்டாலும் சரி என்றுதானே சொல்வோம்?

யூஸ்ஃபுல்லாக இருக்குமா என்பதை நீங்களே படித்துவிட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

ஆரம்பித்து வைத்தவர் என் வீட்டுக்காரர் குமரவேல். எங்கள் ஊர் விருத்தாசலத்தில் பலரைப் போல அவரும் ஒரு சின்ன பீங்கான் யூனிட் வைத்திருக்கிறார். கரண்ட்டு பாக்ஸில் செருகும் ஃப்யூஸ் கேரியர் செய்கிறார்கள். நாள் முழுக்க வெள்ளைத் தூசியில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். யாரோ ஒருவர் லண்டனுக்குக் காரிலேயே போகிறார், அதைத் தினமும் வீடியோ போடுகிறார்… இவர் அதைப் பார்த்துப் பார்த்து, தானே ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதுபோல் ஆகிவிட்டார்.

எங்கள் ஊரிலிருந்து லண்டனுக்கு ரூட் போட்டார். முதல் வாரத்திலேயே ரூட் முட்டிக்கொண்டது. ஒரு நாட்டில் சண்டை. இன்னொரு நாடு நமக்குக் கதவே திறக்காது. மும்பையில் காரைக் கப்பலில் ஏற்றி துபாயில் இறக்கலாம் என்றார். அதற்கு ஆகும் செலவைக் கேட்டதும் நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவரும் லண்டனைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போதுதான் நேசன் அண்ணன் பேசினார்.

சிவநேசன். என் வீட்டுக்காரருக்கு ஸ்கூல் தோழர். பெயிண்டிங் கான்ட்ராக்டர். எங்கள் ஊரிலும் நெய்வேலியிலும் பாதி வீடுகளின் சுவரை அவர் ஆட்கள்தான் தேய்த்திருப்பார்கள். இவர் அவரை மச்சான் என்பார், அவர் இவரை மாப்ள என்பார். அந்தக் கணக்கில் நான் அவருக்குத் தங்கச்சி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீட்டில்தான் டிபன்.

“தொலைவா எதுக்கு மாப்ள? கடலு தாண்டுனா எங்க ஊரு இருக்குது. அங்க போவலாமே” என்றார்.

எங்க ஊரு.

அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. எங்களுக்கு அவர் விருத்தாசலத்துக்காரர். பேச்சும் அப்படித்தான் இருக்கும். மூன்றாம் வகுப்பின் பாதியில் வந்து சேர்ந்த பையன், அகதி முகாமிலிருந்து நடந்தே ஸ்கூலுக்கு வந்தவன், ‘கதைக்கிறது’ என்று சொல்லிப் பிள்ளைகளிடம் கிண்டல் வாங்கியவன், ஒரே வருஷத்தில் எங்கள் ஊர்த் தமிழுக்கு மாறிவிட்டான் — என்று இவர் சொல்லித்தான் தெரியும்.

இலங்கையில் சண்டை நடந்தபோது படகில் வந்த குடும்பம். அப்பா, அம்மா, நேசன். அக்கா புவனேஸ்வரிக்கு அந்தப் படகில் இடம் இல்லை. சித்தியோடு அடுத்த படகில் வருகிறேன் என்று கரையில் நின்றுகொண்டார். அந்த அடுத்த படகு கிளம்பவே இல்லை. அப்பாவும் அம்மாவும் முகாமிலேயே காலமாகிவிட்டார்கள். அக்கா அங்கேயே பிழைத்து, அங்கேயே கல்யாணம் செய்து, இப்போது யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். தம்பியும் அக்காவும் பேசுவது போனில். முகம் பார்ப்பதும் போனில்.

அந்த அக்காவின் மகளுக்கு வைகாசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். தாய்மாமன் யார்? நேசன் அண்ணன்தான். ஒரே ஒரு தாய்மாமன்.

அதற்குப் பிறகு ஊர் சுற்றுகிற ஆசைக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. ஆசையைவிடக் காரணம் வேகமாக ஓடும். என் வீட்டுக்காரர் அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் தீவை வரைந்தார். பார்க்கக் கத்தரிக்காய் மாதிரி இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் போகிறது. ஆனால் அதில் மனிதர்கள் மட்டும்தான் ஏறலாம், கார் ஏறாது. காரைத் தனியாகத் தூத்துக்குடியில் கண்டெய்னரில் அடைத்து கொழும்புக்கு அனுப்ப வேண்டும். நாம் கப்பலில் போய், ரயில் பிடித்துக் கொழும்பு சேர்ந்து, காரை எடுத்துக்கொண்டு தீவைச் சுற்றி, கடைசியில் யாழ்ப்பாணம்.

காரை அயல்நாட்டுக்குக் கொண்டுபோக அதற்கென்று ஒரு பத்திரம் உண்டு. காரின் பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ‘இந்தக் காரை அங்கே விற்க மாட்டேன், திரும்பக் கொண்டுவந்துவிடுவேன்’ என்று உறுதி கொடுத்தால், காருக்குப் போய்வர அனுமதி.

போய், வர. இரண்டுக்கும்.

நேசன் அண்ணனின் மனைவி மல்லிகாவும் நானும் எதை எடுத்துப்போவது என்று பேசுவோம். மல்லிகா கம்மாபுரம் பக்கத்துப் பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேசன் அண்ணன் தாய்மாமன் சீரைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு டேபிளில் பரப்பினார். அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச்சேலை, வெள்ளியில் குங்குமச் சிமிழ், தட்டு. கடையில் சேலையைப் பிரித்துப் பிரித்துப் போடவைத்து விற்கிறவரை ஒரு வழி பண்ணிவிட்டாராம்.

“அப்படி ஒரு ஆள நான் பாத்ததே இல்லீங்கக்கா. எனக்குக் கல்யாணச் சேலை எடுத்தப்பகூட அஞ்சு நிமிஷத்துல எழுந்துட்டாரு” என்றாள் மல்லிகா. சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு.

எங்களுக்கு விசா ஆன்லைனில்தான். என் வீட்டுக்காரர் காலையில் போனில் தட்டிவிட்டுக் குளிக்கப் போனார். மறுநாள் வந்துவிட்டது. ஒரு கேள்வி இல்லை.

நேசன் அண்ணனுக்கு?

நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்க ஒரு அரசு அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அங்கிருந்த அதிகாரி நல்லவர். நல்லவராக இருந்ததுதான் கஷ்டமாகப் போயிற்று. கத்துகிறவராக இருந்தால் திரும்பக் கத்தியிருக்கலாம்.

உட்காரச் சொன்னார். டீ சொன்னார். பிறகு நேசன் அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

“போறதுன்னா போவலாம்ங்க. அதுக்கு எக்ஸிட் பர்மிட் வாங்கிடலாம். ஆனா அது ஒரு வழிதான். நீங்க வந்தப்ப பாஸ்போர்ட்டு, விசா எதுவும் இல்லாம வந்தவங்க. கெளம்பிட்டீங்கன்னா முகாம் பதிவுல பேர எடுத்துருவாங்க. அங்க போயி அந்த ஊரு பாஸ்போர்ட்டு எடுத்து, இங்க வர்றதுக்கு விசா கேக்கலாம். குடுப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாதுங்க.”

“அவரு வூட்டுக்காரம்மா இந்தியன் சார். புள்ளைங்க இங்கதான் படிக்குது” என்றார் இவர்.

“தெரியுங்க. அப்பவும் என்னால சொல்ல முடியாது.”

நேசன் அண்ணன் டீயைத் தொடவில்லை.

“ரெண்டு வாரம் சார். அக்கா பொண்ணு கல்யாணம். போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போறதுக்கு ஒரு வழியும் இல்லீங்களா?”

அதிகாரி டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

“போறேன்னு சொல்லிட்டுப் போறதுக்குத்தாங்க வழி இருக்குது.”

கடைக்குப் போகிற பிள்ளை ‘போறேன்’ என்று சொன்னால்கூட நாம் திருத்துகிறோம். ‘போயிட்டு வரேன்னு சொல்லு’ என்று வாசலில் நிறுத்தி வைக்கிறோம். எழவு வீட்டில் மட்டும்தான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது வழக்கம். முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த ஊர்ச் சுவர்களுக்கு வண்ணம் அடித்த மனிதர் அன்று அந்தப் படிகளில் சொல்லிக்கொள்ளாமல்தான் இறங்கினார்.

அவர் இன்னும் பதிவில் இருக்கிற அந்த முகாமுக்கு இப்போது மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பெயர் அழகாக இருக்கிறது. தலை எண்ணுகிற செக்கிங் நாளில் ஆள் இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. வெளியூரில் வேலை வந்தால் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பதும் மாறவில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறு அவர் டிபனுக்கு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு மல்லிகா மட்டும் வந்தாள். கிச்சனில் என் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினாள்.

“போயிடலாமான்னு யோசிக்கிறாருக்கா. மொத்தமா போயிடறதாம். அப்பறமா எங்கள அழச்சிக்கிறதாம்.”

“நீ என்ன சொன்ன?”

“நான் தடுக்கலக்கா. கூடப்பொறந்தவங்கள பாக்கக் கூடாதுன்னு சொன்னா நான் மனுஷியா? ஆனா எங்கப்பா நெலம் நெய்வேலி சுரங்கத்துக்குப் போயிடுச்சு. எங்க தெருவே இப்ப இல்ல. நாளைக்கு இவரும் போயிட்டாருன்னா, நான் எந்த ஊருன்னு யாராச்சும் கேட்டா என்னத்த சொல்லுவேன்?”

வெங்காயத்துக்கு வந்த கண்ணீரா, வேறு கண்ணீரா என்று நான் பார்க்கவில்லை. பார்த்து என்ன செய்யப்போகிறேன்?

அன்று சாயங்காலம் நேசன் அண்ணன் வந்தார். முடிவு செய்துவிட்ட முகம்.

“நான் வரல மாப்ள. நீங்க போங்க.”

இவர் உடனே சொன்னார். “நீ இல்லாம நாங்க எதுக்கு மச்சான்? காரு இன்னும் கப்பல் ஏறல. கேன்சல் பண்ணிடறேன்.”

“வேணாம். எங்க வூட்டு சார்புல ஒரு ஆளாச்சும் அந்தக் கல்யாணத்துல நிக்கணும்ல? சீரு தட்ட நீ குடுத்துரு. அக்காகிட்ட நான் சொல்லிட்டேன். ஆவலன்னு.”

“என்ன சொன்னாங்க?”

“சரின்னுது.”

சரி என்பதில் எத்தனை சரி இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா? ஆனால் நாங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். கார் ஏறாமலிருக்க எங்களுக்கும் மனசில்லை… உண்மையைச் சொல்வதென்றால் அதுவும்தான்.

கிளம்பினோம். கடல் அமைதியாக இருந்தது. நாகப்பட்டினத்தில் காலையில் ஏறி, சாப்பாட்டு நேரத்துக்குள் காங்கேசன்துறையில் இறங்கிவிட்டோம். இவ்வளவு பக்கமா என்று இவர் திரும்பத் திரும்பக் கேட்டார். எங்கள் ஊரிலிருந்து மெட்ராஸ் போகிற பஸ்ஸில் இதைவிட அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறோம்.

கொழும்பில் காரை எடுத்தோம். தெற்கே கடலோரமாகப் போனோம், மலையில் ஏறினோம், திருகோணமலையில் குளித்தோம். நல்ல சாலைகள். நல்ல மனிதர்கள். அதையெல்லாம் எழுதினால் உங்களுக்கு உபயோகப்படும்தான். எனக்கு எழுத வரவில்லை. பின் சீட்டில், மஞ்சள் துணியில் சுற்றிய சீர்த்தட்டு எங்களோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அக்கா வீட்டுச் சந்துக்குள் நுழைந்தோம். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டைப் பார்த்து ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

புவனா அக்கா உள்ளேயிருந்து வந்தார். நேசன் அண்ணனின் அதே நெற்றி. எங்களைப் பார்த்துச் சிரித்தார். “வாங்கோ, வாங்கோ” என்றார். என்றபடியே நேராகக் காரிடம் போனார். முன் கதவுக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். பிறகு பின் கதவைத் திறந்தார்.

வரவில்லை என்று தம்பி போனில் சொல்லித்தான் இருந்தார். ஆனாலும், ஒருவேளை… விளையாட்டுக்குச் சொல்லியிருப்பானோ என்று அக்காவுக்கு ஒரு நப்பாசை.

பின் சீட்டில் தட்டு மட்டும் இருந்தது.

கதவை மெதுவாகச் சாத்தினார். எங்களை உட்கார வைத்தார். சாப்பாடு போட்டார். நண்டுக் குழம்பு. இவர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார், நான் தொடையில் கிள்ளியும். சாப்பிட்டு முடிக்கும்வரை அக்கா தம்பியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கை கழுவி வந்து உட்கார்ந்த பிறகுதான் கேட்டார். குரல் உயரவே இல்லை.

“தம்பி, ஒண்டு கேக்கிறன். குறை நினைக்காதேங்கோ. இவ்வளவு பெரிய காரைக் கப்பலில ஏத்திக் கொண்டுவர ஏலுமெண்டா, ஒரு மனுசனைக் கொண்டுவர ஏலாதோ?”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வாரா வாரம் பக்கம் எழுதுகிறவள் நான்தானே, நான் பதில் சொல்ல வேண்டும்.

சொன்னேன். பர்மிட், பதிவு, ஒரு வழி, திரும்பி வர விசா… எல்லாம் சொன்னேன். அந்த அலுவலகத்தில் கேட்டபோது எவ்வளவு தெளிவாக இருந்ததோ, அந்தப் பந்தலின் கீழே சொன்னபோது அவ்வளவு பொய்யாக இருந்தது.

“திரும்பிப் போக ஏலாதெண்டு சொல்லுறியள். ஏன் திரும்பிப் போகவேணும்? இது அவன்ர வீடுதானே?”

“அங்க மல்லிகா, புள்ளைங்க இருக்காங்களேக்கா” என்றேன்.

“ஓம். அப்ப நான்?”



இத்தனை வருஷமும் அவர் தம்பியால் வர முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தார். கடல் பெரியது, சட்டம் பெரியது, சண்டை, கெடுபிடி… நம்புவதற்கு எல்லாம் இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் உயிரோடு இருந்தது அந்த உறவு. நாங்கள் ஊர் சுற்றிப் பார்க்க ஜாலியாகக் காரில் வந்து இறங்கி, கடல் எவ்வளவு சின்னது என்று காட்டிவிட்டோம். வர முடியாதவன், ஒரே மத்தியானத்தில், வர மனமில்லாதவனாக ஆகிவிட்டான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் அக்காவுக்குத் தூரத்து உறவு ஒருவர் நின்றார். என் வீட்டுக்காரர் முன்னால் போய் நிற்கப் பார்த்தார்.

“நீங்கள் விருந்தாளி. இருந்து பாருங்கோ” என்று அக்கா கையைக் காட்டிவிட்டார்.

தாலி கட்டும் நேரத்தில் இவர் வீடியோ கால் போட்டார். திரையில் நேசன் அண்ணன். சலவைச் சட்டை, நெற்றியில் விபூதி. எங்கள் யூனிட்டில் சிக்னல் நன்றாக வரும் என்று அங்கே போய் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஃப்யூஸ் கேரியர்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன.

அக்கா அதைப் பார்த்துவிட்டார். அட்சதைத் தட்டோடு எங்களிடம் வந்தார். திரையைப் பார்த்தார்.

“அக்கா” என்றார் நேசன் அண்ணன். “வடிவா இருக்கிறாள் அக்கா, பிள்ளை.”

அவர் அந்தத் தமிழில் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

அக்கா அவருக்குப் பதில் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னார். “அதை நிப்பாட்டுங்கோ தம்பி. பிள்ளை கண்டாளெண்டா அழுதிடுவாள்.”

கெட்டிமேளம் கேட்டது. இவர் போனை நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலையில் நாங்கள் கிளம்பும்போது அக்கா பனங்கற்கண்டு, ஊறுகாய் எல்லாம் கட்டிக் கொடுத்தார். குறையே இல்லை. எல்லாம் ஏற்றி முடித்த பிறகு உள்ளே போய் அந்த மஞ்சள் துணி மூட்டையைக் கொண்டுவந்தார். பிரிக்கவே இல்லை.

“இதை அவனே கொண்டுவந்து தரட்டும்” என்று என் கையில் வைத்தார்.

“அக்கா, இது பொண்ணுக்கு…”

“சேலை பழுதாப் போகாது.”

திரும்பி வந்தோம். கார் தனியாக, நாங்கள் தனியாக. தட்டை நான் காரில் வைக்கவில்லை. கப்பலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். நாகப்பட்டினம் கஸ்டம்ஸில் என்ன இது என்று கேட்டார்கள். தாய்மாமன் சீர் என்றேன். “கல்யாணத்துக்குப் போறீங்களா, முடிஞ்சு வர்றீங்களா?” என்றார் அங்கிருந்த பெண். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார். நான் மூட்டையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

ஊருக்கு வந்து இரண்டு நாள் தட்டை எங்கள் வீட்டு பீரோவில் ஒளித்து வைத்திருந்தோம். எப்படிக் கொடுப்பது? அக்கா வாங்கிக்கொண்டார் என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்றுகூட இவர் கேட்டார். போட்டோவில் சேலையைக் காட்டு என்று நேசன் அண்ணன் கேட்டால்?

கொடுத்துவிட்டேன். நானேதான். நேசன் அண்ணன் மூட்டையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். முடிச்சைப் பார்த்தார். அவர் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. மல்லிகாவிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து அக்கா போனை எடுப்பதில்லை. எப்போதாவது புதுப்பெண் எடுக்கிறாள். “அம்மா குளிக்கிறா மாமா” என்கிறாள். நேசன் அண்ணன் காலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறா, சாயங்காலம் கூப்பிட்டாலும் குளிக்கிறா.

என் வீட்டுக்காரர் இப்போது ரோடு ட்ரிப் வீடியோ எதுவும் பார்ப்பதில்லை. காரைக்கூட யூனிட் ஷெட்டுக்குள் விட்டுவிட்டு பைக்கில்தான் போகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நேசன் அண்ணன் டிபனுக்கு வந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

“அண்ணே, நான் அக்காகிட்ட இன்னொரு தடவ பேசிப் பாக்கட்டுமா? எங்களாலதான இப்படி ஆயிடுச்சு. எங்க மேல கோவப்படட்டும். உங்கள எதுக்கு…”

அவர் தட்டிலிருந்து நிமிரவில்லை.

“விடு தங்கச்சி. கோவப்படறதுக்காச்சும் நான் தம்பியா இருக்கேன்ல? அதுவும் போயிடுச்சுன்னாதான் பயம்.”

சொல்லிவிட்டு, இன்னொரு தோசை கேட்டார்.

நல்லவேளை… கோபம் கடல் தாண்டி வர எந்த நாடும் விசா கேட்பதில்லை.